அக்கா கடையின் நாலு மணி லைவ்

பத்து விநாடியில் முடிகிற வேலையைத் தானாகவே நடக்க வைப்பதற்காக இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொள்கிற ரகம் நான். பெங்களூரில் இதைத் திறமை என்கிறார்கள். சம்பளம்கூடக் கொடுக்கிறார்கள்.

என் அக்கா வசந்திக்கு நீலசந்திராவில் தையல் கடை. புதன்கிழமைதோறும் மாலை நாலு மணி முதல் ஐந்து வரை, தன் சேனலில் ஜாக்கெட் கட்டிங் சொல்லிக்கொடுப்பாள், நேரலையில். வெட்டும் மேசைக்கு நேர் மேலே கேமரா. திரையில் அவளுடைய இரண்டு கைகளும் கத்தரிக்கோலும்தான் தெரியும். பார்ப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் அவளுடைய வாடிக்கையாளர்களே.

லைவைத் தொடங்கிவைப்பது என் பொறுப்பு. வீட்டிலிருந்து வேலை பார்த்தவரை நடந்துபோய் பட்டனை அழுத்திவிட்டு வருவேன். பிறகு ஆபீஸ் எங்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

"பட்டன்தானேடா, நானே அமுக்கிக்கிறேன்" என்றாள் அக்கா.

"உனக்கு அதெல்லாம் புரியாதுக்கா. நான் டைமர் போட்டுத் தரேன்."

(இப்போது நினைத்தாலும் அந்தப் பையனைக் கூப்பிட்டு ஓர் அறை விடலாம் போலிருக்கிறது. பையன் என்றால் முப்பத்திரண்டு வயது.)

போட்டேன். நாலு மணிக்கு லைவ் தானாகத் தொடங்கும், ஐந்துக்குத் தானாக நிற்கும், தொடங்கியதும் நேயர்கள் எல்லோருடைய போனிலும் மணி அடிக்கும். கரண்ட் போனால் அறுந்துவிடக் கூடாதே என்று ஒரு யூபிஎஸ். நூல் தூசி படியக் கூடாதே என்று கம்ப்யூட்டர் பெட்டியைப் பரணில் ஏற்றினேன். கேமராவின் சிவப்பு விளக்கு அக்காவின் கண்ணைக் கூசச் செய்ததால் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். அக்கா எதையாவது தப்பாக அழுத்திவிட்டால்? திரைக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டேன். அது என்னவென்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது.

முதல் புதன்கிழமை எல்லாம் கச்சிதமாக நடந்தது. ஆபீசில் நாலு பேரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். நான் செய்திருந்த ஒரே ஒரு காரியம் எனக்கு நினைவில் இல்லை. சோதித்துப் பார்ப்பதற்காக டைமரில் 'தினமும்' என்று வைத்திருந்தேன். அதை 'வாரம் ஒருமுறை' என்று மாற்றவே இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை, நாலு மணி. எல்லோருடைய போனிலும் மணி அடித்தது. (இதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் பதிவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை அல்ல.)

திரையில் அக்காவின் இரண்டு கைகள். கத்தரிக்கோல் இல்லை. அவரைக்காய் சீசன், அக்கா மேசைமேல் அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். தோலெல்லாம் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரின் மேல் குவிந்தது. கவருக்குள் அரக்குப் பட்டுத் துணி, கத்தரி படாமல், கொடுத்த மடிப்பு கலையாமல் இருந்தது.

அது விவேக் நகர் மேரி ஆன்ட்டியுடையது. சனிக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். சொந்தக்காரர்கள் பத்துப் பேரைக் கடைக்கு அழைத்து வந்த வாடிக்கையாளர். அவர்தான் அப்போது போன் செய்தார். கை ஈரமாக இருந்ததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வசந்தி, பொண்ணோட ஜாக்கெட் ஆச்சாம்மா?"

"ஆயித்து ஆன்ட்டி! உங்களுதுதான் மிஷின்ல இருக்கு. ஹூக் மட்டும்தான் பாக்கி."



"அப்படியா? ஹூக்க எந்த அவரைக்காயில வச்சித் தைக்கிற?"

அக்காவின் கைகள் நின்றன. "எந்த அவரைக்கா ஆன்ட்டி?"

"உன் கையில இருக்குதே, அதுதான்."

அக்கா தெருவை எட்டிப் பார்த்தாள். ஆன்ட்டி எங்கோ ஒளிந்திருக்கிறார் என்று நினைத்து மேசைக்கு அடியில் குனிந்தாள்.

"கீழ பாக்காத. மேல பாரு."

அக்கா மேலே பார்த்தாள். சேனல் தொடங்கிய நாளிலிருந்து நேயர்கள் அவள் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

அதற்குள் கீழே கருத்துகள் குவிந்திருந்தன. 'மூலையில இருக்கற பச்சைத் துணி என்னுது. போன வாரமே தைச்சாச்சுன்னு சொன்னீங்க.' 'அக்கா, நீலம் என்னுது. கொஞ்சம் தள்ளி வைங்க, தோல் விழுது.'

அக்கா ஒரு லைனிங் துணியை வீசிக் கேமராவை மூடினாள். படம் போயிற்று. குரல் போகவில்லை. அது தெரியாமல் என்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினாள். (அதை இங்கே எழுத முடியாது. என் பட்டப்படிப்பு அடிக்கடி வந்தது என்று மட்டும் சொல்லலாம்.)

"குரல் வருது வசந்தி" என்றார் மேரி ஆன்ட்டி.

அக்கா மெயின் சுவிட்சை அணைத்தாள். மின்விசிறி நின்றது, விளக்கு போயிற்று. என் யூபிஎஸ் துளிகூடத் தயங்காமல் லைவைத் தாங்கிப் பிடித்தது.

அப்போது நான் மீட்டிங்கில் இருந்தேன். கடையின் இன்னொரு போனிலிருந்து பதினோரு மிஸ்டு கால். வராந்தாவுக்கு ஓடிவந்து எடுத்தேன்.

"நிறுத்துடா இத! பாஸ்வேர்ட் கேக்குது!"

சுற்றிலும் யாருமில்லையே என்று பார்த்துக்கொண்டேன். "அது வந்துக்கா... நான் ஒவ்வொரு எழுத்தா சொல்றேன், நீ அடி."

"இரு, எழுதிக்கிறேன்." துணியில் சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது. "ம், சொல்லு."

நான் கிசுகிசுத்தேன். அவள் ஊருக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னாள். "ஏ... கே... கே... ஏ... வி... யூ... கே... கே... யூ... அக்காவுக்கு. நல்லாத்தான்டா வச்சிருக்க. அப்புறம்? ஓ... என்... என்... யூ... எம்..."

சாக்பீஸ் நின்றது.

"அக்காவுக்கு ஒண்ணும்..." என்று படித்தாள். "ஒண்ணும் என்னடா?"

கருத்துப் பகுதியில் பதினைந்து பேர் 'தெரியாது' என்று எழுதியிருந்தார்கள். ஸ்பீக்கரில் இன்னும் இருந்த மேரி ஆன்ட்டி அதைத் தன் போனிலிருந்து அன்போடு படித்துக் காட்டினார்.

அக்கா மீதியை அடித்தாள். லைவ் நின்றது.

அரை மணியில் மேரி ஆன்ட்டி ஆட்டோவில் வந்து இறங்கினார். சண்டை போடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "இப்ப வெட்டு" என்றார். அக்கா வெட்டத் தொடங்கினாள். ஆன்ட்டி எழுந்து வந்து, மிச்சமிருந்த அவரைக்கொட்டையைத் தானே பிதுக்கிக் கொடுத்தார். சனிக்கிழமை ஜாக்கெட் பெண்ணுக்குப் பிசிறில்லாமல் பொருந்தியது.

பச்சைத் துணிக்காரர் திரும்ப வரவில்லை. அக்கா என்னோடு பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் கூப்பிட்டு, டைமரைக் கழற்றச் சொன்னாள். இப்போது பட்டனை அவளே அழுத்துகிறாள். இதுவரை ஒரு தவறும் நடக்கவில்லை என்பதை எனக்கு மாதம் ஒருமுறை தெரிவிக்கிறாள்.

எங்கள் வீட்டில் அதன்பிறகு யாரும் யாரையும் போனில் நம்புவதில்லை. போன வாரம் மாலை மனைவி கூப்பிட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"சில்க் போர்டு ஜங்ஷன் தாண்டிட்டேன். பத்து நிமிஷத்துல வீட்ல இருப்பேன்."

"கேமராவப் போடுங்க" என்றாள்.

சிக்னல் சரியில்லை என்று சொல்லிக் கட் செய்துவிட்டு, ஆபீஸ் கேன்டீனில் பாதி சாப்பிட்ட மசால் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.