இருபத்தொன்றில் மேனேஜர் இல்லை

தன்னைக் கெட்டிக்காரி என்று தானே முடிவு கட்டிக்கொண்டவளைத் திருத்த யாராலும் முடியாது. இருபத்திரண்டு வயதில் நான் அப்படி ஒருத்தியாக இருந்தேன். (இப்போது எப்படி என்று கேட்காதீர்கள்.)

இதை ஞாபகப்படுத்தியவன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தங்கை மகன். நாம் ஒரு பெயரைத் தட்டினால் இயந்திரம் அந்தப் பெயருக்குரிய இன்னோர் இயந்திரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று ஒருநாள் விளக்கினான். இயந்திரங்கள் ஒன்றையொன்று எண்ணை வைத்துத்தான் தேடிப் போகுமாம். அதனால் பெயரைக் கொடுத்ததும் தன்னிடமுள்ள பட்டியலைப் பார்க்கும். அதில் இல்லாவிட்டால் விவரம் தெரிந்த வேறோர் இயந்திரத்தைக் கேட்கும். கிடைத்த எண்ணை ஒரு கெடு வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கும். கெடு முடிந்ததும் திரும்பக் கேட்கும்.

"கெடு எதுக்குடா? ஒருதரம் கேட்டா போதாதா?" என்றேன்.

"நம்பர் மாறிடுமே பெரியம்மா. பழசையே பிடிச்சிண்டிருந்தா கூப்பிட்டவாளைத் தப்பான இடத்துல கொண்டுபோய் விட்டுடும்."

இந்தப் பையன் எழுபதுகளில் எனக்குக் கிடைத்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

மயிலாப்பூரில் பம்பு உதிரிபாகம் விற்கும் கம்பெனி ஒன்றில் அப்போது நான் டெலிபோன் ஆபரேட்டர். வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்து, யார் வேண்டும் என்று கேட்டு, என் முன்னாலிருந்த போர்டில் அவருடைய அறை எண் போட்ட துளையில் ஒயரைச் செருக வேண்டும். தெரியாத பெயர் வந்தால் தலைமை குமாஸ்தாவிடம் கேட்டுக்கொள்ளலாம். முதல் வாரம் கேட்டேன். ஒருதரம் கேட்டது எனக்குக் கல்வெட்டு. கூப்பிட்டவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒயர் துளைக்குள் போயிருக்கும். ஆபீஸில் பலர் என் வேகத்தை மெச்சினார்கள். மெச்சாதவர்களிடம் நானே போய் நினைவுபடுத்தினேன்.

என்னை நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவாக வேண்டிய வாரம் அது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெரு முழுக்க, நிரந்தரம் ஆகிவிட்டது என்றே அப்பா சொல்லி வைத்திருந்தார். கல்யாணத் தரகர் என் ஜாதகத்தின் மேல் 'பர்மனென்ட்' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார். வேலை போனால் நாங்கள் ராவோடு ராவாக ஆதம்பாக்கத்துக்குக் குடிபோவதைத் தவிர வேறு வழியில்லை.

மேனேஜரின் அறை எண் இருபத்தொன்று. அங்கே பெயிண்ட் அடிக்கப் போவதால் திங்கள்கிழமை முதல் அவர் முப்பத்துநாலாம் எண் அறையில் இருப்பார் என்று வெள்ளியன்று சுற்றறிக்கை வந்தது. போன் சுவரோடு இருக்கும், மனிதர்தான் நகர்வார். வாசித்தேன், கையெழுத்துப் போட்டேன், திருப்பிக் கொடுத்தேன். என் கல்வெட்டில் மட்டும் ஓர் எழுத்துகூட அசையவில்லை.

திங்கள் காலையில் மேனேஜருக்கு அழைப்பு மேல் அழைப்பு. எல்லாவற்றையும் இருபத்தொன்றில் செருகினேன். பேசப் போனவர்கள் உடனே மறுபடியும் போனில் வந்து, "மேனேஜரைத்தானேம்மா கேட்டேன்?" என்றார்கள். இன்னும் வேகமாக இருபத்தொன்றிலேயே செருகினேன். வேகம் போதவில்லை என்று குறைப்படுகிறார்கள் என நினைத்துவிட்டேன்.

மேனேஜரின் மனைவியும் கூப்பிட்டார்.

"ஏண்டிம்மா, எங்காத்துக்காரரைக் கேட்டா யாரோ ஒருத்தன் இருமிண்டே 'இன்னா'ங்கறான்!"

"சாருக்குத் தொண்டை கட்டியிருக்கும் மாமி. மிளகு ரசம் வெச்சுக் குடுங்கோ" என்றேன். (வைத்தியமும் தெரியும் எனக்கு.)

மத்தியானம் முதலாளியே அபிராமபுரத்து வீட்டிலிருந்து கூப்பிட்டார். என் பெயரை ஒருதரம் விசாரித்துவிட்டு, "மேனேஜரைக் குடு" என்றார். பெயரை விசாரித்ததும், என்னை நிரந்தரம் ஆக்குவது பற்றித்தான் பேசப்போகிறார் என்று புரிந்துவிட்டது. இருபத்தொன்றில் செருகிவிட்டு, ஒட்டுக்கேட்பது தப்பு என்று தெரிந்தே காதில் இருந்ததைக் கழற்றாமல் இருந்தேன்.

எதிரே இருப்பது யார் என்று கேட்கும் வழக்கம் முதலாளிகளுக்குக் கிடையாது. "போர்டுல இருக்கற பொண்ணை நிரந்தரம் பண்ணலாமா? வேலை எப்படி?" என்று எடுத்தவுடன் ஆரம்பித்தார்.

"யாரு, போனு பொண்ணா?" என்றது ஒரு கரகரத்த குரல். "அத்த ஏன் சார் கேக்கறே! காலைலேர்ந்து ஒரே ரோதனை. எவன் கூப்ட்டாலும் இங்கயே தள்ளி வுட்டுக்கினு கீது. ஏணில ஏறி எறங்கி முட்டி கயண்டு போச்சு. பாதி சொவுரு இன்னும் அப்டியே கீது."

"யாருப்பா நீ?"

"பெயிண்டு அடிக்கிறவன் சார்."

"மேனேஜர் எங்கே?"

"அவரு வெள்ளிக்கெயமையே மூட்டை கட்டிக்கினு வேற ரூமுக்குப் போய்ட்டாரே. அந்தப் பொண்ணுகிட்ட யாரும் சொல்லல போல."

சொல்லியிருந்தார்கள். கையெழுத்து வேறு வாங்கியிருந்தார்கள். தரையில் ஏதாவது பிளவு தெரிகிறதா என்று பார்த்தேன்.

முதலாளி பெயிண்டரிடமே யோசனை கேட்டார். "அப்போ வேலையை விட்டு எடுத்துடலாம்ங்கறே?"

"அய்யே, வேணாம் சார்! பாவம், சின்னப் பொண்ணு. கொரலு நல்லா கீது. போனை மட்டும் புடுங்கிட்டு வேற எங்கனா குந்த வையி."

அந்த ஆபீஸில் எனக்காக யாரும் அவ்வளவு மனசாரப் பேசியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றேன். என் வாய்க்கு நேரே பேசும் குழல் இருப்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

இரண்டு முனையிலும் என் நன்றி போய்ச் சேர்ந்துவிட்டது.

"நீயும் கேட்டுண்டுதான் இருக்கியாம்மா?" என்றார் முதலாளி.

"இல்லை சார்" என்று பதில் சொன்னேன்.

வாரக் கடைசியில் உத்தரவு வந்தது. மேனேஜரின் சிபாரிசின் பேரில் நிரந்தரம், ஆனால் தபால் பிரிவில். மேனேஜர் என்னைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பது முதலாளிக்கும் எனக்கும் தெரியும். பெயிண்டருக்கும் தெரியும். கல்யாணமான புதிதில், கணவர்தானே என்று நம்பி இதை அவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உபசாரத்துக்குச் சொல்வது மேனேஜர் பேச்சு, உள்ளதைச் சொல்வது பெயிண்டர் பேச்சு. போன வாரம் வெந்தயக் குழம்பு வைத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று என் பெண்ணைக் கேட்டேன். ஒரு வாய் சாப்பிட்டவள், தட்டைப் பார்த்தபடி, "மேனேஜரைக் கூப்பிடவாம்மா, பெயிண்டரைக் கூப்பிடவா?" என்றாள்.

மேனேஜரே போதும் என்று சொல்லிவிட்டேன்.