ஆட்டம் காணாத சங்கம்

மனித குலம் இதுவரை கண்ட முன்னேற்றங்களிலேயே மகத்தானது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஜீப்பை நான்கு அங்குலம் தூக்கி நிறுத்தியதுதான். நெருப்பு, எழுத்து, தடுப்பூசி எல்லாம் அதற்கப்புறம்தான். இதை 'உயர்த்தப்பட்ட வாகன உரிமையாளர் நலச் சங்கம்' தன் முதல் கூட்டத்திலேயே ஒருமனதாகத் தீர்மானித்துப் பதிவேட்டில் ஏற்றிவிட்டது. ஆகவே இனிமேல் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

சங்கத்தில் பன்னிரண்டு வண்டிகள். காடு, மலை, காட்டாறு எதையும் ஒரு கை பார்க்கக்கூடியவை. இதுவரை பார்த்தவை அலுவலகம், பள்ளிக்கூடம், ஒரு பல் ஆஸ்பத்திரி. சங்கத்தின் செயலாளர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆபத்து மதிப்பீட்டுப் பிரிவின் மேலாளர். எந்த வீடு எரியும், எந்தக் கப்பல் மூழ்கும் என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவார். தன் வண்டி என்ன செய்யும் என்பதை மட்டும் அவருடைய மனைவி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

மனைவி கணக்கு டீச்சர். தினமும் காலையில் மகளை ஏற்றிக்கொண்டு புறவழிச்சாலையில் பள்ளிக்கு ஓட்டிப் போகிறவர். ஒரு திங்கட்கிழமை, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் சின்னதாக ஒரு பள்ளம். ஸ்டீயரிங் அவர் கையை உதறித் தள்ளிவிட்டு இப்படியும் அப்படியுமாக வெறி பிடித்து ஆடியது. பிரேக்கை மிதித்து வேகம் முப்பதுக்கு இறங்கிய பிறகுதான் ஆட்டம் நின்றது. அதற்குள் ஒரு லாரி அவர்களை ஒரு முழ இடைவெளியில் தாண்டிப் போய்விட்டது. பின் சீட்டில் இருந்த மகள் பள்ளி வந்த பிறகும் முன் சீட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"இந்த வாரத்துக்குள்ள இந்த ஆட்டம் நிக்கணும். இல்லன்னா நானும் பாப்பாவும் பஸ்ல போயிக்கறோம். நீங்களும் உங்க வண்டியும் சந்தோஷமா இருங்க" என்றார் மனைவி.

செயலாளருக்கு மகள் மேல் உயிர். எனவே பொறுப்புள்ள ஒரு தகப்பன் செய்ய வேண்டியதை உடனே செய்தார். அவசரக் கூட்டத்துக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்.

கூட்டம் மறுநாள் தலைவருடைய மெத்தைக் கடை மாடியில் நடந்தது. உறுப்பினர்கள் ஆளுக்கொரு மெத்தையில் அமர்ந்து விஷயத்தை ஆழமாக அணுகினார்கள்.

"ஆட்டம்னு எழுதாதீங்க. ஜனங்க பயந்துடுவாங்க. 'முன்பக்க உயிர்ப்பு'ன்னு போடுங்க" என்றார் தலைவர்.

"எத்தனை கிலோமீட்டர்ல உயிர்ப்பு வருது?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"எழுபதுல, டாக்டர்."

"என்னுது அறுபத்தஞ்சுலயே வந்துடும்" என்றார் டாக்டர், முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்வதைப்போல.

வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. "என்னுது அறுபது. அது வண்டியோட குணம் சார். குணத்தைப் போயி ரிப்பேர் பண்ணுவாங்களா?"

விசாரித்ததில் பன்னிரண்டு வண்டிகளும் ஆடுவது தெரியவந்தது. சாதாரண மனிதர்களாக இருந்தால் பதறியிருப்பார்கள். சங்கமோ தன் உறுப்பினர்களிடையே நிலவும் ஒற்றுமையை எண்ணிப் பூரித்தது.

செயலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "யாராவது வண்டிக்குக் கீழ படுத்துப் பார்த்தா என்ன?"

எல்லோரும் தங்கள் தங்கள் வெள்ளைச் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

"கீழ படுக்கறதா?" தலைவர் நிஜமாகவே மனம் நொந்துபோனார். "அப்புறம் எதுக்குய்யா வண்டிய உயர்த்தினோம்?"

மூவர் கொண்ட 'நோய் கண்டறியும் துணைக்குழு' அங்கேயே அமைக்கப்பட்டு, தேநீர் ஆறுவதற்குள் அறிக்கை தந்தது. டாக்டர் டயரை மாற்றச் சொன்னார். அவரே தன் வண்டிக்குப் போன மாதம்தான் மாற்றியிருந்தார். வக்கீல், ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தாங்கும் டேம்பரைப் பெரிதாகப் போடச் சொன்னார். அதுவும் சிவப்பில். தலைவர் மட்டும் ஆணிவேரைப் பிடித்தார்.

"வண்டிய ஓட்டுறது யாரு?"

"என் மனைவி."

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். பதிவேட்டில் 'கோளாறு: ஓட்டுநர்' என்று ஏறியது.

புதன்கிழமை சிவப்பு டேம்பர் மாட்டப்பட்டது. அதன் பிறகு வண்டி எழுபதில் ஆடவில்லை, எழுபத்தைந்தில் ஆடியது. இந்த ஐந்து கிலோமீட்டர் வளர்ச்சியைச் செயலாளர் எடுத்துச் சொன்னபோது மனைவி விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, வண்டியை நேரே ஒரு லாரிப் பட்டறைக்கு ஓட்டிப் போனார். செயலாளர், சங்கத்தார் யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாதே என்று சீட்டில் சரிந்து உட்கார்ந்தபடி கூடவே போனார்.

பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி வரவில்லை, குழு அமைக்கவில்லை. கிழிந்த சாக்கு ஒன்றைத் தரையில் விரித்தார்.

"மேடம், இன்ஜினை ஓட விட்டு, ஸ்டீயரிங்க லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கிட்டே இருங்க. சார், நீங்க எங்கூட வந்து படுங்க."

"நானா?"

"ஆட்றதுக்கு ஒரு ஆளு, பாக்கறதுக்கு ஒரு ஆளு. நீங்களே பாத்தாத்தான் நம்புவீங்க."

செயலாளர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வண்டியைக் கீழிருந்து பார்த்தார். முன் அச்சை வண்டியின் சட்டத்தோடு குறுக்காகப் பிடித்திருக்கும் ஒரு கம்பி. மேலே ஸ்டீயரிங் அசையும்போதெல்லாம் அந்தக் கம்பியின் முனையில் இருந்த போல்ட் டக் டக்கென்று இடம் மாறியது. பட்டறைக்காரர் அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.

"வண்டி நாலு சக்கரத்துல நின்னப்புறம் நீள ஸ்பானர் போட்டு மூச்சைப் பிடிச்சு இறுக்க வேண்டியது சார் இது. யாரோ சும்மா தடவி விட்டுருக்காங்க. ஓட்டையே தேஞ்சு போச்சு."

செயலாளர் விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அந்த யாரோ யார் என்பது அவருக்குத் தெரியும். சங்கத்தில் எந்த வண்டியை உயர்த்தினாலும், ஒரே ஒரு போல்ட்டை இறுக்காமல் விட்டுவைப்பது வழக்கம். சக்கரம் மாட்டுவதற்கு முன்பே தலைவர் வந்து, வெள்ளி முலாம் பூசிய ஸ்பானரால் அதை இரண்டு சுற்றுச் சுற்றுவார். கைதட்டல், புகைப்படம், சாப்பாடு. கேமராவுக்கு வாகாகத் தெரிகிறது என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்ட போல்ட் அது. தலைவர் இறுக்கியதை இன்னொருவர் மறுபடியும் இறுக்குவதா? அது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருவதற்குச் சமம் அல்லவா? அதனால் பன்னிரண்டு வண்டியிலும் அப்படியே விட்டிருந்தார்கள்.

பட்டறைக்காரர் தேய்ந்த இடத்தைச் சரிசெய்து, தடிமனான போல்ட் போட்டு இறுக்கினார். திரும்பும்போது மனைவி எண்பதில் ஓட்டினார். ஸ்டீயரிங் சாதுவாக இருந்தது.

"சங்கத்துல மத்த வீட்டுக்காரங்களுக்கும் சொல்லிடுங்க" என்றார் மனைவி.

"பின்ன? சொல்லாம இருப்பேனா?"

ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பொதுக்குழு. துணைத் தலைவர் பதவி காலியாக இருந்தது. அந்த நேரத்தில் செயலாளர் காட்டிய நாவடக்கம் பொன்னெழுத்துகளில் பொறிக்கத்தக்கது. "முன்பக்க உயிர்ப்பு அடங்கிவிட்டது. எல்லாம் தலைவர் அவர்களின் வழிகாட்டுதல், அப்புறம் அந்தச் சிவப்பு டேம்பர்" என்றார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. மற்ற பதினொரு பேரும் சிவப்பு டேம்பர் வாங்குவதென்று தீர்மானம் நிறைவேறியது. செயலாளர் போட்டியின்றித் துணைத் தலைவரானார்.

திங்கட்கிழமை சாயங்காலம் புதிய துணைத் தலைவர் வீட்டில் சோபாவில் சாய்ந்து, வாழ்த்துச் செய்திகளுக்கு நன்றி அனுப்பிக்கொண்டிருந்தார். மனைவி எதிரே வந்து நின்றார்.

"எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும். சமயம் வாய்க்கல. தலைவர் மனசு புண்படாம சொல்லணும் இல்லையா? அடுத்த மாசம் பக்குவமா..."

"சரி. நீச்சல் கிளாஸ் முடிஞ்சு பாப்பா டாக்டர் வீட்டு வண்டியில வர்றா. புறவழிச்சாலையில வந்துக்கிட்டு இருப்பாங்க. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

சோபாவிலிருந்து அவர் எழுந்த வேகத்துக்குச் சங்க வரலாற்றில் முன்னுதாரணம் கிடையாது. அவசரத்தில் டாக்டரின் எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினார்.

"டாக்டர்! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க! ஓரமா, இப்பவே! டேம்பர் எல்லாம் சும்மா. அந்த போல்ட்டு, தலைவர் இறுக்கினாரே, அது இறுகவே இல்ல! எல்லா வண்டியிலயும் அப்படித்தான்! கழண்டுக்கும் டாக்டர், என் பொண்ணு உள்ள இருக்கா!"

மறுமுனையில் டாக்டர் குழம்பினார். "என்ன சொல்றீங்க? வண்டி கிளினிக் வாசல்லதான நிக்குது. நீச்சல் குளமும் இன்னைக்கு லீவாச்சே?"

துணைத் தலைவர் மெல்லத் திரும்பினார். உள் அறையில் மகள் சத்தமாகப் பாடம் படிக்கும் குரல் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

மனைவி சங்க உறுப்பினர் பட்டியலை அவர் முன்னால் மேஜையில் வைத்தார்.

"நாலு நாளா வாய்க்காத சமயம் நாலு நொடியில வாய்ச்சிடுச்சு பாருங்க. இன்னும் பத்து வீடு இருக்கு. ஒவ்வொரு வண்டியிலயும் நம்ம பொண்ணுதான் உக்காந்திருக்கான்னு நெனச்சுக்கிட்டுப் பேசுங்க. இல்லன்னா உங்களுக்கு வாய் வராது."