மாமா திருத்திய முப்பது யுகுலேலே

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

அடுத்த தெருவில் இருக்கும் உங்களுக்குக் கடிதம் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். நேரில் வந்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் தலையாட்டுவேன், அத்தை டீ கொடுப்பார், குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இந்த வாரம் இரண்டு முறை அப்படித்தான் ஆனது. நீங்கள் நலமென்று அம்மா தினமும் சொல்வதால் அதைத் தனியாக விசாரிக்கவில்லை.

இசை விழா அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை வாங்கிக் கொடுத்தவர் விழாக் குழுச் செயலாளரான நீங்கள். "எங்க குடும்பத்துலயே முதல் டிகிரி, எதைக் கேட்டாலும் சொல்லும்" என்று எல்லோரிடமும் அறிமுகப்படுத்தியவரும் நீங்கள்தான். நீங்கள் மட்டும் எதையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை யுகுலேலே பயிலரங்கு, மாலையில் கற்றுக்கொண்டவர்களின் மேடை நிகழ்ச்சி. கிட்டாரின் குட்டி போன்ற அந்த நாலு கம்பி வாத்தியங்கள் முப்பது, வெள்ளிக்கிழமை வந்தன. நான் நாற்காலிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தேன். இருபது வருடம் மேடையில் கிட்டார் வாசித்த கையால் நீங்கள் ஒன்றை எடுத்துத் தடவினீர்கள், முகம் மாறியது. "என்னம்மா இது? தடிமன் கம்பில்ல மேல இருக்கணும்? மேல மெல்லிசு, அதுக்கடுத்து தடிமன். எவனோ தூக்கத்துல மாட்டியிருக்கான்" என்றீர்கள். அடுத்ததிலும் அப்படியே. முப்பதிலும் அப்படியே. முப்பதிலும் ஒரே மாதிரி இருந்தால் அது தவறாக இருக்காதே என்று எனக்குத் தோன்றியது. உங்களுக்கு, "பாத்தியா, மொத்த சரக்கையும் சொதப்பிட்டானுங்க" என்று தோன்றியது. யுகுலேலேவில் மேல் கம்பி மெல்லியதாகத்தான் இருக்கும் என்று பெட்டியோடு வந்த கையேட்டில் படத்தோடு போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை விரித்து நீட்டி, "மாமா, இதுல வந்து..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் அதை வாங்கி, கழற்றிய கம்பிகள் உருண்டு ஓடாமலிருக்க அவற்றின் மேல் வைத்தீர்கள். மதியம் முழுவதும் முதல் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினோம். நீங்கள் கழற்றினீர்கள், நான் மாட்டினேன். அதனால்தான், "மாட்டினது அந்தப் பொண்ணு" என்று நீங்கள் குழுவில் சொன்னபோது அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பயிலரங்கு ஆசிரியை சிரித்த முகத்தோடு வந்து ஒரு சுருதியை வாசித்துக் காட்டி, "எல்லாரும் மேல் கம்பியை இந்தச் சத்தம் வர்ற வரைக்கும் முறுக்குங்க" என்றார். தடித்த கம்பி அந்த அளவுக்கு ஏறாது. அது தெரியாமல் முப்பது பேரும் மரியாதையாக முறுக்கினார்கள். முதல் வரிசையில் பட்டென்று ஒன்று அறுந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் தான்தான் உடைத்துவிட்டதாகப் பயந்து வாத்தியத்தைச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தார். அடுத்த கம்பி பல் மருத்துவரின் கன்னத்தில் அடித்தது. பின்வரிசையில் ஒன்றில், கம்பிகளைக் கட்டியிருந்த மரக்கட்டையே பெயர்ந்து பறந்து ஒலிபெருக்கிக்காரரின் டீக்குள் விழுந்தது. அவர் அசையாமல், "டீக்குள்ள கட்டை கிடக்கு, யாரோடதோ அவங்க வந்து வாங்கிக்கலாம்" என்று மைக்கில் அறிவித்தார். ஆசிரியையின் சிரிப்பு போய்விட்டது. "யாரு கம்பியை மாத்தினது?" என்று கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மாலையில் மேடையேறியது பதினோரு யுகுலேலே. மற்ற பத்தொன்பது பேர் பின்னால் நின்று கைதட்டித் தாளம் போட்டார்கள். அந்தச் சத்தத்திலும், நீங்கள் திரைக்குப் பின்னால் குழுத் தலைவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "டிகிரி வாங்கிட்டா எல்லாம் தெரிஞ்ச மாதிரி பண்ணிடுறாங்க சார். நான் வேணாம்னுதான் சொன்னேன்."

இப்போது தலைவர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். "நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்துடு, சின்னப் பொண்ணுன்னு விட்டுடுவாங்க" என்கிறீர்கள். விடமாட்டார்களாம். அப்படி எழுதிக் கொடுத்தால் மாதக் கடைசியோடு வேலை போய்விடும், நிரந்தரமாக்கும் பேச்சே இருக்காது என்று அலுவலக எழுத்தர் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். "வேலை வாங்கிக் குடுத்ததே என் தம்பி. அவன் பேரைக் கெடுக்கப் போறியா? கையெழுத்தைப் போட்டுட்டுப் போடி" என்றாள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் நீங்கள் சொன்னபடி நான் எழுதி வைத்திருந்த விளக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "நீயா மாத்தினே?" என்றார். இத்தனை நாளில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அம்மா அவரைக் குளிக்கப் போகச் சொல்லிவிட்டாள்.

ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டாம். என் சொந்த யோசனையில் மாற்றினேன், செயலாளருக்கு இதில் தொடர்பில்லை என்று எழுதி, தலைவரிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு உங்கள் மேல் வருத்தம் எதுவும் இல்லை.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதக் கை எப்போதும் என் தலைமேல் இருக்கட்டும், கொஞ்சம் அழுத்தாமல்.

பணிவுள்ள,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: கொடுத்துவிட்டேன் என்றது பொய். வருத்தமில்லை என்றதும் பொய். அப்பாவுக்கு வாசித்துக் காட்டிய தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதி, இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். "கம்பிகளை மாற்றச் சொன்னது நான்" என்ற ஒரே வரி, அதன் கீழே "செயலாளர்" என்று தட்டச்சு செய்து, மேலே இடம் விட்டிருக்கிறேன். வியாழக்கிழமை பத்து மணிக்குள் தலைவர் மேசைக்குப் போக வேண்டும். கையெழுத்துப் போடுங்கள் மாமா.