மூலை மேசையும் குழாய்த் தண்ணீரும்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் கலந்த வணக்கம், சித்தப்பா.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஓட்டலில் நான் சொல்லாமல் விட்டது ஒரே வாக்கியம்: "அந்த ஆள் நான்தான்." மற்றபடி இங்கே எல்லோரும் நலம். அப்பா மூன்று நாளாக உங்கள் பேரை எடுக்காததால் அவர் நலமா என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்பா விலைப்பட்டியலை வழக்கம்போல் கீழிருந்து படித்தார், முதல் வரியே "குழாய்த் தண்ணீர், டம்ளருக்கு" என்று இருந்தது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார், முப்பது வருடம் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் சும்மா இருப்பாரா, ஒரு வாய் குடித்துவிட்டு, "இது வடக்குத் தொட்டித் தண்ணி, அந்த வால்வைத் திறந்துவிட்டதே நான்தான்" என்று பக்கத்து மேசைக்காரரிடம் முறையிட்டார், அவர் பாவம் வாயில் சோற்றோடு தலையாட்டினார், அதற்குள் நீங்கள் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டீர்கள்.

"அண்ணே, தண்ணி தானா வருது, சரி. டம்ளர் தானா கழுவிக்குமா?"

"அப்போ தட்டுக்கும் தனியா போடு. நாற்காலிக்கும் போடு."

"போடணும்தான். ஒரு டம்ளர் தண்ணிய வெச்சுக்கிட்டு காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காருறாங்க. ஒருத்தரப் பாத்து இப்போ பத்துப் பேரு."

"யாருடா அந்த முதல் ஆளு?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "தெரியாதுண்ணே" என்றீர்கள். அப்பா இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று அறிவித்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரின் குடையோடு வெளியேறினார்.

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை போய் ஆறு வாரம் ஆகிறது, வீட்டில் சொல்லவில்லை, தினமும் வேலைக்குப் போவதுபோல் கிளம்பி உங்கள் மூலை மேசையில் பாதி நேரம் விண்ணப்பம், பாதி நேரம் நாவல் என்று உட்கார்ந்திருக்கிறேன் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். என் டம்ளருக்கு நீங்கள் ஒருநாளும் பில் போட்டதில்லை. தண்ணீருக்குக் காசு வாங்குவது நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. அதைக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தவளைக் காப்பாற்றப் போய் நீங்கள் அண்ணனை இழந்து நிற்கிறீர்கள். நாளை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன்.

சித்திக்கு என் அன்பு. கடைக்கு நிறைய ஆட்கள் வரட்டும், வந்தவர்கள் எழுந்தும் போகட்டும்.

உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: நேற்று இந்தக் கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லப்போவதை அம்மாவிடம் ஒத்திகை பார்த்தேன். "உங்கப்பாவுக்கு முதல் வாரமே எல்லாம் தெரியும்டி. வேலையில்லாம தண்ணி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற புள்ளகிட்டயும் காசு புடுங்குறானேன்னுதான் அவ்வளவு கோவம்" என்றாள். நீங்கள் என்னிடம் வாங்கியதே இல்லை என்றேன். பக்கத்து அறையில் நாளிதழைப் புரட்டும் சத்தம் நின்றது. இன்று காலை அப்பா உங்கள் கல்லாவில் என் பேரில் ஒரு மாதத் தண்ணீருக்குக் காசு கட்டினார். நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். மத்தியானம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டீர்கள்.