எங்களிடம் தரமான பயம் கிடைக்கும்

படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே ஒருவர் பேசினால் அவன் காதில் முதலில் விழுவது விஷயமல்ல, பிழை. எனக்கு அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. அதற்குக் கல்லூரியில் சம்பளம் வேறு கொடுத்தார்கள். தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மாணவர்களை எழுப்பி நிறுத்தி 'வாழைப்பழம்' சொல்லச் சொல்வேன். நாக்கு புரளாதவனை வகுப்பு சிரித்து முடிக்கும்வரை உட்கார விடமாட்டேன். (அவர்களில் பலர் இன்று என்னைவிட நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் பார்க்கும் வேலைக்கும் ழகரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

அந்த வியாதியோடு நான் என் மனைவியின் வியாபாரத்தை வளர்க்கப் போன கதை இது. சிரிப்பு வரும் இடங்களில் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எங்கள் வீட்டிலும் எல்லோரும் சிரிக்கிறார்கள், இரண்டு பேரைத் தவிர.

என் மனைவி பெயர் அலமேலு. உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், அவள் அப்பா கொடுத்த நிலத்தில், பழமரக் கன்றுகள் விற்கும் நர்சரி வைத்திருக்கிறாள். மா, கொய்யா, சப்போட்டா, சீத்தா. நான் கல்லூரியில் பிழை பிடித்துக்கொண்டிருந்த காலம் முழுக்க அவள் நிழலுக்குக் கட்டிய பச்சை வலைக்கு அடியில் உட்கார்ந்து ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். எட்டாவது வரை படித்தவள். ஆனால் பேசுவாள். வாங்கிப் போன கன்றில் இலை சுருண்டாலும் அவளுக்குப் போன் வரும், வாங்கிப் போனவர் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தாலும் அவளுக்குப் போன் வரும். தாமலிலிருந்து ஒரு விவசாயி கூப்பிடுவார். கொய்யாவில் ஆரம்பித்து மருமகளில் முடிப்பார். அந்தப் பேச்சுதான் அவள் வியாபாரம். எனக்கு அது தெரியவில்லை. சத்தம் என்று நினைத்து அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அந்தப் பேச்சில் ழகரம் கிடையாது. எங்கள் பக்கத்தில் பலருக்கும் கிடையாது. கோழி கோயி, பழையசீவரம் பயசீவரம், பழம் பயம். நான் மட்டும் சின்ன வயதிலேயே புத்தகத்தைப் பார்த்து நாக்கை மடக்கிக்கொண்டவன். மகள் பிறந்தபோது யாழினி என்று பெயர் வைத்தேன்.

"வாய்ல நொயையற மாரி ஒரு பேரு வெக்கக் கூடாதா?" என்றாள் அலமேலு.

"பழகினால் வரும்" என்றேன்.

வரவில்லை. பெற்ற தாய்க்கு அவள் யாயினிதான். மகளும் அந்தப் பெயருக்குத்தான் உடனே திரும்புவாள். நான் யாழினி என்று கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழும்.

யாழினி இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் விளம்பரப் பிரிவில் இருக்கிறாள். நான் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்ததும் அவள்தான் சொன்னாள்.

"அப்பா, சும்மா அம்மாவ திருத்திக்கினு உக்காந்திருக்காத. நர்சரிக்கு ஒரு பிளாக் ஆரம்பி."

"எதற்கு? உன் அம்மாவுக்குத்தான் வாட்ஸாப் இருக்கிறதே."

"வாட்ஸாப்பு, ஃபேஸ்புக்கு எல்லாம் தெருப்பா. தெருவுல நின்னு கூவலாம், ஆனா தெரு நம்மளுது இல்ல. பிளாக்தான் நம்ம வூடு. தெருவுல போறவங்கள வூட்டுக்கு இட்டாரணும். வந்தவங்களுக்கு உருப்படியா எதனா சொல்லணும். கடைசில போன் நம்பர் போடணும். அவ்ளோதான் ஆன்லைன் மார்க்கெட்டிங்."

இதைவிடத் தெளிவாக நான் ஒரு பாடம் நடத்தியதில்லை. உடனே வீட்டைக் கட்டினேன். 'மா என்னும் சொல்லின் வேர்' என்று முதல் கட்டுரை. அடுத்தது 'கொய்யா தமிழ்ச்சொல்லா? ஓர் ஆய்வு'. (அதற்கு இரண்டாம் பாகமும் உண்டு.) பிளாக்கின் ஓரத்தில் வருகையாளர் எண்ணிக்கை காட்டும். தினமும் ஒருவர் வந்தார். அந்த வாசகரின் விடாமுயற்சியை மனதுக்குள் பாராட்டிக்கொண்டிருந்தேன். அது நான்தான் என்பதை யாழினி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

"செடி வாங்கறவன் வேர்ச்சொல்ல வெச்சிக்கினு இன்னா பண்ணுவான்?" என்றாள் அவள். "வேர்ல கரையான் வந்தா இன்னா பண்றதுன்னுதான் கேப்பான். அதுக்கு அம்மா நாள் பூரா போன்ல பதில் சொல்லிக்கினு கீது. அத எழுதுப்பா."

பேசுவதைக் கேட்டுத் தானே எழுதிக்கொள்ளும் வசதி என் போனில் இருந்தது. மறுநாள் பச்சை வலைக்கு அடியில் நாற்காலி போட்டு, அலமேலுவின் பக்கத்தில் போனை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். யாரோ தோட்டத்துக்கு மாங்கன்று கேட்டுக் கூப்பிட்டார். அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். என் போன் எழுதியது இது:

'ஒட்டுச்செடி சார். மூணாவது வருசம் கட்டாயம் பயம் வந்துடும். மொதல்ல வர்ற பயத்த வெச்சிக்காதீங்க, கிள்ளிப் போட்டுடுங்க. மரம் தெம்பானாதான் பயம் பெருசா வரும். அப்பால கவலையே இல்ல, வருசா வருசம் பயம்தான். உங்க பேரன் காலத்துக்கும் பயம் நிக்கும்.'

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு, "இன்னா, எதுக்கு சிரிக்கிறீங்க?" என்றாள்.

"ஒன்றுமில்லை, நீ பேசு."

அவள் பேசினாள். நான் பிடித்துக்கொண்டேன்.

அன்று நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். பயம் என்று வரும் இடமெல்லாம் பழம் என்று மாற்ற வேண்டும். நல்ல கட்டுரையாக இருந்திருக்கும், கன்று வாங்குபவனுக்கு உபயோகமாகவும் இருந்திருக்கும். ஆனால் என் மனதில் ஒரு தலைப்பு விழுந்துவிட்டது: 'எங்களிடம் தரமான பயம் கிடைக்கும்.' அதற்கப்புறம் அலமேலு என் மனைவியாக எனக்குத் தெரியவில்லை, உதாரணமாகத் தெரிந்தாள். ஒரு எழுத்தையும் மாற்றாமல், ஒவ்வொரு வரிக்கும் அடைப்புக்குறிக்குள் என் விளக்கத்தைச் சேர்த்தேன். 'பேரன் காலத்துக்கும் பயம் நிக்கும்' என்பதற்குப் பக்கத்தில் 'பரம்பரைச் சொத்து!' என்று எழுதிவிட்டு நானே ரசித்தேன். பழைய மாணவர்கள், சக பேராசிரியர்கள் என்று எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். கடைசியில் போன் நம்பர் போட மறக்கவில்லை. அவளுடைய நம்பர்.

"நீ பேசினதை அப்படியே எழுதிப் போட்டிருக்கிறேன்" என்று அவளிடம் சொன்னேன்.

"நெசமாவா? நல்லா கீதா?"

"பிரமாதமாக இருக்கிறது."

அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அன்று கூப்பிட்ட எல்லோரிடமும், "எங்க வூட்டுக்காரு நான் சொல்றத கம்ப்யூட்டர்ல போட்டுகிறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவரை எந்தக் கட்டுரையிலும் நான் அவளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

பிறகு நடந்ததெல்லாம் மகள் நடத்திய பாடம் மாதிரியே நடந்தது. எல்லாத் தெருவிலிருந்தும் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். கடைசிவரை படித்தார்கள். நம்பரைப் பார்த்தார்கள். கூப்பிட்டார்கள்.

"ஆன்ட்டி, பயம் கீதா?"

"கீது தம்பி. இன்னா பயம் வோணும்?"

"இன்னா இன்னா வெச்சிகிறீங்க?"

"மாம்பயம், கொய்யாப்பயம், சீத்தாப்பயம், அல்லாம் கீது."

"ராத்திரில வர்ற பயம் கீதா ஆன்ட்டி?"

"ராத்திரில கட மூடிடுவோம் தம்பி. காலைல வாங்க."

அந்தப் பக்கம் பல பேர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் வெளியில் எனக்கே கேட்டது. போன் துண்டித்தது. "பாவம், லைன் கட்டாய்டுச்சி" என்று அலமேலு தானே திரும்ப அந்த நம்பரைக் கூப்பிட்டாள். கன்று கேட்டவர் ஏமாந்துபோகக் கூடாதே என்று.

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்களா? வருகையாளர் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையை அவளுக்குச் சொன்னது நானல்ல. பழையசீவரத்திலிருந்து வழக்கமாக வரும் ஒரு அம்மாள். நல்லவர், பாராட்டுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"அலமேலும்மா, எங்க ஆபீஸ் குரூப்புல உங்களப் போட்டுகிறாங்க. செம காமெடி போங்க. நீங்களே வேணும்னு அப்பிடிப் பேசனீங்களா?"

போனை நீட்டினார். நான் கன்றுகளை அவர் காரில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கையில் மண் ஒட்டியபடியே அலமேலு வாங்கிப் படித்தாள். அவள் உதட்டை அசைத்துத்தான் படிப்பாள். முதல் இரண்டு வரிக்கு உதடு அசைந்தது. அடைப்புக்குறிகள் வந்த இடத்தில் நின்றுவிட்டது. கண் மட்டும் கடைசிவரை போயிற்று. போனைத் தன் புடவையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, "நல்லா கீதும்மா" என்றாள். அந்த அம்மாளுக்கு நல்ல கன்றாகவே பொறுக்கிக் கொடுத்தாள். எப்படி வைக்க வேண்டும், எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று ஒன்றுமே சொல்லவில்லை.

மாலையில் திட்டுவாள் என்று எதிர்பார்த்து, சமாதானம் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த எயுத்த எப்பிடி சொல்றது?"

"எந்த எழுத்து?"

"அதான், எனக்கு வராத எயுத்து."

காலில் விழுந்திருக்க வேண்டிய மனிதன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். "நாக்கு நுனியை மேலே வளை. அண்ணத்தில் ஒட்டாதே, சும்மா வருடு" என்று ஆரம்பித்துவிட்டேன். நிலைக்கண்ணாடி முன்னால் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவளும் நின்றாள். ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் மாணவி! சிரத்தையோடு தினமும் வந்தாள். ஒருநாள் 'பழம்' என்று சுத்தமாகச் சொன்னாள். "சபாஷ்!" என்றேன். (ஆமாம். சபாஷ் என்றுதான் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.)

அன்றே அவள் மகளுக்குப் போன் செய்தாள்.

"யாழினி."

மகள் குரல் எனக்கே கேட்டது. "யாரு பேசறது?"

"அம்மாதான்."

"இன்னாம்மா ஆச்சி? அப்பாவுக்கு எதனா...?"

"ஒன்றுமில்லை. சாப்பிட்டாயா?" கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். மகளோடு பேசினால் போன் சூடாகும்வரை வைக்காதவள்.

கொஞ்ச நேரத்தில் யாழினி என்னைக் கூப்பிட்டாள். இதற்குள் கட்டுரையைப் படித்திருந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெருவுல போறவங்கள வூட்டுக்கு இட்டாரச் சொன்னேம்ப்பா. வூட்ல கீறவங்கள தெருவுல நிக்க வெக்கச் சொல்லல."

பிளாக்கை அன்றே அழித்தேன். வீட்டை இடிப்பது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் தெருவுக்குப் போனது தெருவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இன்றும் எங்கெங்கோ சுற்றிவிட்டு என் போனுக்கே வந்து சேரும், யார் யாரோ சேர்த்த புது அடைப்புக்குறிகளோடு.

கிண்டல் போன்கள் நாளடைவில் நின்றன. அவற்றோடு நல்ல போன்களும் குறைந்தன. அலமேலு இப்போது பேசும்போது ஒவ்வொரு ழகரத்துக்கும் முன்னால், வாய்க்காலைத் தாண்டப் போகிறவள் மாதிரி ஒரு கணம் நிற்பாள். நின்று நின்று பேசினால் பேச்சு எங்கே ஓடும்? தாமல் விவசாயி நேரிலேயே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, டிவில நியூசு படிக்கிற மாரி பேசற? எம்மேல எதனா கோவமா?"

"கோபமெல்லாம் இல்லை ஐயா. மழைக்குப் பிறகு வாருங்கள், கன்று தருகிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் செம்மண் குவியலைப் பார்த்தேன். கொய்யாவைப் பற்றியும் கேட்காமல், மருமகளைப் பற்றியும் சொல்லாமல் அவர் போய்விட்டார். அதற்கப்புறம் அலமேலு போனை எடுப்பதில்லை. நர்சரியில் வேலை செய்யும் செல்விதான் எடுக்கிறாள்.

மன்னிப்பு கேட்டேன். கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "நீ பழையபடி பேசு அலமேலு. பயம் என்றே சொல்" என்று கெஞ்சியிருக்கிறேன்.

"விடுங்கள். நீங்கள் எழுதியதில் என்ன தப்பு? பிழை பிழைதானே" என்றாள். மூன்று ழகரமும் நான் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தன.

ஆனால் பச்சை வலைக்கு உள்ளே, செல்வியோடும் கன்றுகளோடும் இருக்கும்போது அவள் பழைய அலமேலுதான். என் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். அதைக் கண்டுபிடித்த பிறகு நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக ஆரம்பித்தேன். தண்ணீர்த் தொட்டிக்கும் வலைக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடமிருக்கிறது. ஊருக்கெல்லாம் உச்சரிப்பு சொல்லிக்கொடுத்த பேராசிரியர் சேற்றில் வெறுங்காலோடு அங்கே நிற்பார். உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஏ செல்வி, இங்க பாரு, இந்த வருசம் சீத்தாப்பயம் இன்னாமா புடிச்சிகீது! யாயினி வந்தா ஒரு கூட குடுத்தனுப்பணும்."

பொங்கலுக்கு மாப்பிள்ளையோடு வந்திருந்தபோது யாழினி என்னை அங்கே பிடித்துவிட்டாள்.

"இங்க இன்னாப்பா பண்ற?"

வாயில் விரலை வைத்தேன். அவள் என் காலைப் பார்த்தாள். வலைக்கு உள்ளே கேட்கும் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் வீட்டுக்குள் போய்விட்டாள். உள்ளே மாப்பிள்ளை, "மாமா எங்க?" என்று கேட்டதும் அவள் சொன்ன பதில்தான் இன்றுவரை எங்கள் வீட்டில் நடமாடுகிறது.

"பயம் வாங்க நிக்கிறாரு."

விசேஷம் என்று சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் யாராவது என்னைத் தேடுவார்கள், யாராவது அந்தப் பதிலைச் சொல்வார்கள், வீடே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்கும்போது சமையலறையிலிருந்து அலமேலுவின் குரல் மட்டும் வரும், திருத்துவதற்கு.

"பழம்."