பதினோரு வரி

சீனியர் மீட்டிங் அறைக்குள் நுழைந்தபோது கைதட்டல் ஓய்ந்துகொண்டிருந்தது. நடுவில் புதுசு, தலைகுனிந்து சிரித்தபடி நின்றாள். சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் சீனியருக்கு அவள் புதுசுதான்.

"வெறும் பதினோரு வரி ஷெல் ஸ்கிரிப்ட்! இத்துனூண்டு மெமரியில குஞ்சு பொரிக்கிற பெட்டியே ஓடுது. இப்படி ஒரு கைய நான் பார்த்ததே இல்ல" என்றார் மேனேஜர்.

சீனியரின் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அவர் எழுதிய ஸ்கிரிப்ட் நூற்று நாற்பது வரி. அதற்கு யாராவது ஒரு விரலையாவது தட்டினார்களா?

மத்தியானம் ஆபீஸே அவளைச் சாப்பிட அழைத்துக்கொண்டு கிளம்பியது.

"சார், நீங்களும் வாங்களேன்" என்றாள் புதுசு.

"எனக்கு வேலை இருக்கும்மா."

வேலை, அந்தப் பெட்டி வைத்திருந்த முட்டை அறையில் இருந்தது. முந்நூறு முட்டைகள், இன்னும் மூன்று நாளில் பொரிய வேண்டியவை. சீனியர் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்து அந்தப் பதினோரு வரிக் கட்டளைகளைத் திறந்தார். சூடு 37500-ஐத் தாண்டினால் ஹீட்டரை அணை, இல்லாவிட்டால் போடு. அவ்வளவுதான்.

"முப்பத்தேழாயிரத்து ஐநூறா? குஞ்சு பொரிக்கிறாளா, இரும்பை உருக்குறாளா?"

மனிதனுக்குப் புரிகிற மாதிரி 37.5 என்று திருத்தினார். சூட்டை அளக்கும் சென்சார் தரும் எண்ணிலும் ஒரு புள்ளியைச் செருகினார். சேமித்தார். ஓட்டினார்.

பெட்டிக்குள் கட்டளைகளைப் படித்து ஓட்டும் குட்டி ஷெல்லுக்கு முழு எண் மட்டுமே தெரியும்; அதனால்தான் புதுசு டிகிரியை ஆயிரத்தால் பெருக்கி எழுதியிருந்தாள். புள்ளியைக் கண்டதும் ஒவ்வொரு சுற்றிலும் பிழை சொல்லிவிட்டு, 'இல்லாவிட்டால் போடு' என்ற பக்கம் ஓடியது. ஹீட்டர் அணையவே இல்லை. முப்பத்தெட்டு டிகிரி. முப்பத்தெட்டரை.

என்ன பிழை என்று பார்க்க, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதும்படி ஒரு வரி சேர்த்தார். இரண்டே நிமிடத்தில் அந்தக் கோப்பு மெமரி முழுவதையும் விழுங்கியது. பெட்டி உறைந்து நின்றது, ஹீட்டர் எரிந்தபடியே. முப்பத்தொன்பதரை! குஞ்சு பொரிக்கிற பெட்டி முட்டை பொரிக்கிற பெட்டியாகிக்கொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினார். கதவைத் திறந்து வைத்து ஃபைலால் விசிறினார். சட்டை தொப்பலாக நனைந்தது. பழைய ஸ்கிரிப்டைத் திரும்பப் போடலாமென்றால், அதற்கு மேலேயே சேமித்துத் தொலைத்திருந்தார். புள்ளி செருகிய ஐந்தாவது வரியில் முன்பு என்ன இருந்தது? கேலி செய்யப் படித்தாரே தவிர, கற்றுக்கொள்ளவா படித்தார்?

"என்ன சார், முட்டைக்கு விசிறுறீங்க?"

சாப்பிட்டுத் திரும்பிய முட்டை அறை அக்கா வாசலில் நின்றாள்.

சீனியர் சட்டென்று ஃபைலைக் கீழே வைத்தார். இதுவும் ஒரு வழிதான் என்று தோன்றியது.

"பார்த்தீங்களா அக்கா, உங்க கெட்டிக்காரி எழுதின லட்சணத்தை! கைதட்டு வாங்கினாங்க இல்ல, இப்ப அவங்களே வந்து பதில் சொல்லட்டும்."

"அவங்க எங்க சார் வரப்போறாங்க? வேற வேலை கிடைச்சு இன்னையோட கிளம்பியாச்சு. அந்தக் கைதட்டே வழியனுப்புறதுக்குத்தான். நாளையிலேருந்து இந்தப் பெட்டிக்கு நீங்கதான் பொறுப்புன்னு மேனேஜர் சொன்னாரே, அப்ப நீங்க மீட்டிங்குக்கு வந்து சேரல போல!"