பம்பாய் அண்ணன் பேசாத இந்தி

தெரியாத ஒரு மொழியைப் பேசுவதற்காகவே வேலையில் வைத்துக்கொள்ளப்பட்ட மனிதர் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பம்பாய் அண்ணன். பம்பாய் என்பது அவர் பெயரில்லை. அந்த ஊரை அவர் பார்த்ததும் இல்லை. திருச்சியைத் தாண்டினால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று நம்பியவர் அவர். கரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கேன் நிறையத் தஞ்சாவூர்த் தண்ணீரைச் சுமந்துபோய், பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கும் ஊற்றிக் கொடுத்தவர்.

கும்பகோணம் சாலையில் இருந்த ஒரு ரைஸ் மில்லில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் வாசலில் நின்று லாரியிலிருந்து இறங்கும் நெல் மூட்டைகளை எண்ணுவார். ஆள் நல்ல சிவப்பு, ஆறடி உயரம், மீசை முறுக்கியிருக்கும், பெயர் ராவ் என்று முடியும். இவ்வளவும் போதாதென்று அவர் எண்ணும் விதம் வேறு. எங்கள் பக்கத்தில் நெல்லை ஒன்று என்று எண்ண ஆரம்பிக்க மாட்டார்கள். முதலாவதை 'லாபம்' என்பார்கள், அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு. அண்ணனும் கணீரென்று 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார். ஆனால் அடுத்த மூட்டைக்கு 'தோன்' என்பார், அதற்கடுத்ததற்கு 'தீன்' என்பார். லோடுமேன்கள் முதல் நாளே முடிவு கட்டிவிட்டார்கள், ஆள் பம்பாய்க்காரர் என்று.

விஷயம் இவ்வளவுதான். அண்ணன் வீட்டில் பேசுவது மராத்தி. மராட்டிய ராஜாக்கள் தஞ்சாவூருக்கு வந்த காலத்தில் கூடவே வந்த குடும்பம். வந்து முந்நூறு வருஷமாகிறது. முந்நூறு வருஷம் ஓர் ஊரில் இருந்தால் அந்த ஊர்க்காரராகிவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார். மில்லில் யாரும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?"

"மேலவீதிங்க."

"அது இப்ப இருக்குறது. பூர்வீகம்?"

"அப்பா கீழவீதியில இருந்தாங்க."

"அதுக்கும் முன்னாடி?"

அண்ணன் மீசையைத் தடவி யோசிப்பார். "தாத்தாவுக்குத் தெற்குவீதிங்க."

தஞ்சாவூரின் நாலு வீதியையும் சுற்றிக் காட்டினாலும் கேட்டவருக்குத் திருப்தி வராது. "பம்பாய்னு சொல்லிக்க வெக்கப்படுறாரு, பாவம்" என்று போய்விடுவார்கள். அண்ணன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த மூட்டைக்குக் குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்துவார்.

எனக்கு அவர்மேல் ஒட்டுதல் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நானும் அதே வியாதிக்காரி. பொறையாறு பக்கத்து லுத்தரன் குடும்பம், பெயர் எஸ்தர். எஸ்தர் என்றால் இங்கிலீஷ் கரைபுரண்டு ஓடும் என்பது மில்லின் நம்பிக்கை. நான் படித்ததெல்லாம் தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் ஜெபம், சண்டை, மீன் பேரம் எல்லாமே தமிழில்தான். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

பிறகு நாட்டில் தாராளமயம் வந்துவிட்டதாகப் பேப்பரில் போட்டார்கள். எங்கள் மில்லுக்கு அது கொஞ்சம் தாமதமாக, ஒரு நீளமான லாரியில் வந்து இறங்கியது. மில்லை வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கி, கறுப்பு அரிசியைப் பொறுக்கித் தள்ளும் வெளிநாட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. கூடவே மெட்ராசிலிருந்து புது மேனேஜர் வந்தார். இயந்திரத்தைப் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினீயரிடம் என்னைத் தள்ளிவிட்டார்கள். அவர் எது கேட்டாலும் நான் "யெஸ்" என்றேன். அவற்றில் ஒன்று, மொத்த மில்லையும் நிறுத்திவிடலாமா என்ற கேள்வியாம். நிறுத்திவிட்டார். அன்று பொழுது சாய்கிறவரை மில்லில் காக்கை கத்தும் சத்தம் மட்டும்தான் கேட்டது. மேனேஜர் என்னிடம், "ஏதாவது டெக்னிக்கல் காரணம் இருக்கும்" என்றார். நானும் "யெஸ் சார்" என்றேன்.

அதற்குள் எங்கள் ஊர்ப் பையன்கள் திருப்பூர், சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிவிட்டார்கள். மூட்டை தூக்கவும் களத்தில் நெல் காயவைக்கவும் பீகாரிலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. மேனேஜர் நேரே வாசலுக்குப் போனார்.

"ராவ், இனிமே இவங்க உங்க பொறுப்பு. உங்க பாஷையில எல்லாத்தையும் சொல்லிடுங்க."

"சார், எனக்கு இந்தி தெரியாதுங்க."

"எனக்குத் தெரியும்யா. தினம் மத்தியானம் போன்ல பேசுறதக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். என்ன வேகம்!"

அந்தப் போன் கதையைச் சொல்ல வேண்டும். அண்ணனுக்குக் கல்யாணமாகவில்லை. மேலவீதி வீட்டில் அவரும் அம்மாவும்தான். சொந்தபந்தமெல்லாம் பெங்களூர், அமெரிக்கா என்று கலைந்து போயாயிற்று. தெருவில் மிச்சமிருந்த மராத்தி வீடுகளிலும் பிள்ளைகள் தமிழில்தான் பதில் சொல்லும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் ஆபீஸ் போனில் அம்மாவைக் கூப்பிடுவார். அப்போது அவர் வேறு ஆள். வாசலில் லாரி டிரைவர்களை அதட்டுகிற மனிதர் போனில் கொஞ்சுவார், சண்டை பிடிப்பார், நடுவில் சிரித்துச் சிரித்து இருமுவார். புரியாவிட்டாலும் நான் சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டு கேட்பேன். அதைத்தான் மேனேஜர் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தி என்று கேட்டிருக்கிறார்.

அண்ணன் பீகார்ப் பையன்களை வரிசையாக நிற்கவைத்து மராத்தியில் ஒரு பிரசங்கம் செய்தார். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சுத்தமான தமிழில், "சரி, வாங்க, மொதல்ல சாப்பிடுவோம்" என்றார். சாப்பாட்டில்தான் அவருக்கு வழி கிடைத்தது. எங்கள் புழுங்கலரிசிச் சோற்றைப் பார்த்துப் பையன்கள் முகம் வாடியதைக் கண்டுபிடித்து, அன்று சாயங்காலமே கோதுமை மாவோடு வந்து நின்றார். அப்புறம் அவர் எந்த மொழியில் பேசினால் என்ன? அவர் கையைக் காட்டினால் அவர்கள் காரியத்தை முடித்தார்கள்.

அண்ணன் கடைசிவரை இந்தி கற்றுக்கொள்ளவில்லை. பையன்கள் தமிழ் கற்றுக்கொண்டார்கள், அதுவும் அசல் தஞ்சாவூர்த் தமிழ். ஒரு நாள் ஹெட் ஆபீசிலிருந்து வந்த பெரியவர் களத்துக்குப் போனபோது ஒரு பையன் அவர் முன்னால் வந்து நின்று, "வாங்கய்யா, வெயில்ல நிக்காதீங்க, இப்படி நெழலுக்கு வாங்க. காப்பி சாப்பிடுறீங்களா?" என்றான். பெரியவர் அசந்துபோனார். மேனேஜர், "எல்லாம் நம்ம ராவோட இந்தி சார்" என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே நாலைந்து வருஷம் போயிற்று. ஓர் ஆடி மாதத்தில் அண்ணனின் அம்மா போய்விட்டார்கள். காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் பழக்கதோஷத்தில் போனை எடுத்துப் பாதி நம்பர் சுற்றிவிட்டு வைத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த மொழி அவர் வாயில் மிஞ்சியது மூட்டை எண்ணும்போது மட்டும்தான். எண்ணுகிறவருக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

அந்த நேரத்தில்தான் கம்பெனி புனேயில் கிளை திறந்தது. மேனேஜர் பெரிய உபகாரம் செய்கிற முகத்தோடு அண்ணனைக் கூப்பிட்டார். "ராவ், எத்தனை வருஷமா வெளியூர்லயே கெடக்குறீங்க! உங்களைச் சொந்த ஊருக்கே அனுப்புறேன்."

ஆபீசில் எல்லோரும் கைதட்டி ஸ்வீட் சாப்பிட்டார்கள். நான் அண்ணனைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, முடியாதுன்னு சொல்லுங்க. கரூர்த் தண்ணியே உங்களுக்கு ஒத்துக்கல."

அவர் சத்தமே இல்லாமல் சொன்னார்: "எஸ்தரம்மா, அங்க பஸ் கண்டக்டர்கூட நம்ம பாஷைதான் பேசுவாராம்."

தீபாவளி கழித்து ரயிலேறினார். இந்தத் தடவை கேன் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் இல்லாத மில்லில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. வாசலில் புதுப் பையன் ஒருவன் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினான். அங்கே அவர் யாரோடாவது வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார், நம்மை மறந்திருப்பார் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். மறந்திருந்தால் நல்லதுதான் என்றும் நினைத்தேன், அப்படி நினைக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

பொங்கல் முடிந்து மில் திறந்த அன்று, அண்ணன் பெட்டியோடு வாசலில் நின்றார். மேனேஜர் கொதித்துப்போனார்.

"சொந்த ஊர்லேர்ந்து ஓடியாந்த ஆள இப்பத்தான்யா பாக்குறேன்!"

"சொந்த ஊருக்குத்தான் சார் ஓடியாந்துருக்கேன்" என்றார் அண்ணன்.

மேனேஜர் வேலை கிடையாது என்றார். களத்திலிருந்து பீகார்ப் பையன்கள் ஒவ்வொருவராக வந்து ஆபீஸ் வாசலில் நின்றார்கள். ஒருவன் மட்டும் வாயைத் திறந்தான். "அண்ணன் இல்லன்னா நாங்களும் கெளம்புறோமுங்க" என்றான். மேனேஜர் நெல் காய்கிற களத்தை ஒரு தடவை பார்த்தார். அண்ணனுக்குப் பழைய வேலை பழையபடி கிடைத்துவிட்டது.

அன்று மத்தியானம் அண்ணன் டிபன் பாக்சைத் திறக்கவே இல்லை. நான்தான் கேட்டேன், அங்கே என்ன ஆயிற்று என்று. முதலில் சிரிப்பாகத்தான் சொன்னார். புனே ஆபீசில் அவருக்கு வைத்த பெயர் மதராஸியாம். தெற்கத்திக்காரருக்குத் தெற்கத்தி மொழி எல்லாம் தெரியும் என்று தெலுங்கு, மலையாளம், கன்னடம் மூன்றில் வரும் போனையும் அவரிடமே கொடுத்துவிட்டார்களாம்.

"மலையாளத்துல ஒருத்தன் அரை மணி நேரம் திட்டுனாம்மா. நானும் சரிங்க, சரிங்கன்னேன்."

"அது கெடக்கட்டும். உங்க மராத்தி?"

சிரிப்பு நின்றுவிட்டது. "அது ரொம்பப் பழசாம். ராஜா காலத்துப் பேச்சாம். கண்டக்டர்ட்ட டிக்கெட் கேட்டா அவரு இந்தியில பதில் சொல்றாரு. காய்காரம்மாட்ட கத்திரிக்காய் கேட்டா, வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வச்சுக்கிட்டு, என்னை மறுபடி ஒருக்கா பேசச் சொல்றாங்க. நல்ல சனங்கதாம்மா. எல்லாரும் ரசிக்கிறாங்க. யாரும் பதில்தான் பேச மாட்டேங்குறாங்க."

கொஞ்ச நேரம் டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அம்மாவோடயே அந்தப் பேச்சு முடிஞ்சுதுன்னு வச்சுக்க வேண்டியதுதான்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓர் ஆண்பிள்ளையின் கண்ணில் தண்ணீர் தளும்புவதைப் பார்த்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட என்னால் முடியாது. "அண்ணே, சாப்பிட்டீங்களான்னு உங்க பாஷையில எப்படிக் கேக்கணும்?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் அவர் முன்னால் போய் நின்று, பொறையாற்று வாயால் மராத்தியில் கேட்டேன், சாப்பிட்டீர்களா என்று. அண்ணன் டிபன் பாக்சைத் தள்ளிவைத்தார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள்! என்ன குழம்பு, யார் வைத்தது, உப்பு ஏன் கூடிப்போனது, வரும் வழியில் யாரைப் பார்த்தார், அவர் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் வந்தது என்று நினைக்கிறேன். கையை ஆட்டினார், மேஜையைத் தட்டினார், சிரித்துச் சிரித்து இருமினார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. இடம் பார்த்துத் தலையாட்டினேன். வெள்ளைக்கார இன்ஜினீயரிடம் யெஸ் சொல்லியே மில்லை நிறுத்தியவளுக்கு அது கூடவா வராது?

புரியாமல் தலையாட்டியது சில மாதம்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. பிறகு பதில் சொன்னேன். அதற்கும் பிறகு, அவர் அம்மா மாதிரியே குறுக்கே பேசிச் சண்டை போட்டேன். "அம்மா இவ்வளவு தப்பாப் பேசமாட்டாங்க" என்று அண்ணன் சந்தோஷமாகச் சொல்வார். மேனேஜர் ஆபீஸ் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே, தெரிந்த மொழிகளில் இங்கிலீஷோடு இந்தியையும் சேர்த்துக்கொண்டார்.

அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு பெங்களூரில் இருக்கும் அவருடைய தமையன் மகன் வந்து கூட்டிப்போனான். சில வருஷத்தில் அங்கேயே கண்ணை மூடிவிட்டார் என்று அவன்தான் போனில் சொன்னான், தமிழில்.

எனக்கும் இப்போது வயதாகிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மத்தியானம் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காரும்போது சில நாள் அண்ணனிடம் சொல்ல ஏதாவது இருக்கும். பக்கத்து வீட்டுச் சண்டை இருக்கும், மீனில் புளி கூடிப்போயிருக்கும். அவர் பாஷையிலேயே உரக்கச் சொல்லிவிடுகிறேன். பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குகிறேன்.